நீர்நிலை: இல்லை

கிழக்கே கடல், மேற்கே கழி.
நடுவில் இருபது நிமிஷம் நடக்கிற மணல்.
அந்த மணலுக்குள் ஒரு குளம்,
உப்புக் கரிக்காத தண்ணீர்.
எப்படியென்று எனக்குத் தெரியாது.
விழுந்த இடத்திலேயே மழை உட்கார்ந்துகொண்டது,
கடல் இன்னும் கண்டுகொள்ளவில்லை,
அவ்வளவுதான்.

நாலரை மணிக்கெல்லாம் அத்திப்பட்டு தாண்டிவிடுவோம்,
நானும் ஏகவல்லியும் ஒரு பழைய டி.வி.எஸ்ஸும்.
வலை என்பது அவளுடைய நைலக்ஸ் புடவை,
கம்பி வளையத்தில் சுற்றித் தைத்தது.
முழங்கால் தண்ணீரில் எட்டுப் போட்டு இழுத்தால்
துணியின் மூலையில்
ஒரு கரண்டி அசைவு.
கஞ்சியில் நொய் துள்ளினால் எப்படியோ அப்படி.

கொளத்தூரில் இதற்குப் பெயர் உயிர்த்தீனி.
பாக்கெட் பதினைந்து ரூபாய்,
ஆக்சிஜன் நம் செலவு.
ஜெபக்குமார் கடைச் சண்டைமீன் குஞ்சுகள்
எங்கள் வண்டிச் சத்தத்துக்கே
கண்ணாடிக்கு வந்துவிடும்.

மீனுக்கு நோய் பார்க்க வைத்திருந்த லென்சில்
ஒருநாள் அவள் ஒன்றைப் பார்த்தாள்.
"இன்னாயா இது,
சட்டையே இல்லாம இதயம்."
முதுகுப் பையில் ஏழு குஞ்சு,
ஏழுக்கும் கண் வந்துவிட்டது.
ஆம்பளை எங்கே என்று கேட்டாள்.
"தண்ணி இருக்கிறவரை
பொம்பளையே பொம்பளையைப் பெத்துப் போட்டுக்கும்.
குளம் வத்த ஆரம்பிச்சாத்தான்
ஆம்பளை பொறப்பான்" என்றார் ஜெபக்குமார்.
மூலக்கடை சிக்னல் வரைக்கும்
என் முதுகில் முகம் வைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

வற்றியது.
மே மாசம், சேறு ஓடு ஓடாக வெடித்து
ஓரம் மடங்கி நின்றது. மேலே
அனல்மின் நிலையத்துச் சாம்பல்.
சிவப்புக் கொடி நட்டுக்கொண்டே இரண்டு பேர் வந்தார்கள்.
அவர்களிடம் ஒரு படிவம்.
இங்கே தண்ணீர் உண்டா என்று
எங்களைக் கேட்காமல் தரையைக் கேட்டார்கள்.
நீர்நிலை: இல்லை.
"சார், இது மே மாசம்" என்றேன்.
ஆமாம் என்று தேதியையும் எழுதிக்கொண்டார்.

ஏகவல்லி வாய் திறக்கவில்லை.
நடுக்குளத்தில் குந்தி உட்கார்ந்து
மண்ணை நகத்தால் கீறி
முந்தானையில், காசு முடிவதைப் போல முடிந்தாள்.
கசகசா மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
ஆவணியில் சுவர் வந்துவிட்டது,
அதற்கு மேல் கண்ணாடிச் சில்லு.
நான் மணலி பக்கம் லாரிக்கு லோடு ஏற்றப் போனேன்.

ஐப்பசியில் எர்ணாவூர் மொட்டைமாடியில்
ஒரு பெயிண்ட் வாளி.
முதல் மழையைக் கொட்டிவிட்டாள், கரி வாசனையாம்.
இரண்டாவதையும்.
மூன்றாம் மழையில் முடிச்சை அவிழ்த்தாள்.
முதல் நாள் சேறு,
மறுநாளும் சேறு.
அதற்கடுத்த நாள் விடிகாலை
தண்ணீருக்குப் புல்லரித்ததைப் போல ஒரு நடுக்கம்.
பத்துப் பன்னிரண்டு நாளில்
விரற்கடை நீளத்தில் புது தினுசு ஒன்று,
மல்லாந்தபடி நீந்திக்கொண்டு,
அத்தனை காலும் வானத்துக்கு.
குளத்தில் இருந்தபோது
இதை நாங்கள் பார்த்ததே இல்லை.

வியாழக்கிழமை
மாநகராட்சியிலிருந்து கொசு ஒழிக்கிற பையன் வந்தான்.
சிண்டெக்ஸ், டயர், தேங்காய் ஓடு எல்லாம் பார்த்து
வாளியிடம் வந்து நின்றான்.
"கவுத்துடுங்கக்கா, புழு வச்சிருக்கு."
"புழு இல்லப்பா."
"பின்ன இன்னா?"
அவள் கொஞ்சநேரம் வாளியையே பார்த்தாள்.
"குளம்" என்றாள்.

பையன் குனிந்து பார்த்தான்.
எழுந்தான், திரும்பவும் குனிந்தான்.
"மல்லாக்கப் படுத்துக்கினு போவுது" என்றான்,
தனக்குத்தானே.
"ஆனா ரூல்ஸ் இருக்குக்கா.
அபராதம் நூறு ரூபா.
வேணாம்னா எழுதல, நீங்க ஊத்திடுங்க."

என் சட்டைப் பையிலிருந்து
அவளே எடுத்துக் கொடுத்தாள்.
ரசீது கேட்டாள்.
பெயரைக் கூட்டெழுத்து இல்லாமல் எழுதச் சொன்னாள்.
ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி
ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்:
தேங்கிய நீர்: உண்டு.
தேதி, கையெழுத்து, முத்திரை.